தோட்டத்து லயமும் 1918-ஆம் வருஷத்து விஷ சுரமும்

மலாய் நாட்டுத் தமிழர் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பலையும், கங்காணியையும், கூலி விகிதத்தையும், பின்னர் எழுந்த சங்கங்களையும் பற்றியே விரித்துரைத்துள்ளனர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் இந்நாட்டு மண்ணில் நம்மவர் உயிரைப் பெருவாரியாகக் கொண்டுபோனவை எவை என்று வினவினால், புலியைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் கதை சொல்வோரே மிகுதி. புலி தின்ற தொகை சிறிது. கொசுவும், கெட்ட தண்ணீரும், நெருக்கமான லயமும் தின்ற தொகை பெரிது. அத்தொகை தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களில் ஆண்டுதோறும் எழுதப்பட்டு, ஆண்டு முடிவில் கட்டிப் பரணில் போடப்பட்டது.

செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு அக்கணக்கின் அமைப்பு நன்றாகத் தெரியும். ஒருவர் பெயருக்கு நேரே முப்பது அல்லது முப்பத்தொரு கட்டங்கள். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு குறி. வராத நாளுக்கு வேறொரு குறி. ஏன் வரவில்லை என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது, அவ்வாறு நோயால் வராமற் போனவர்களைக் காப்பதற்குத் தோட்டமுறை என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதேயாகும். சிறப்பாக 1918-ஆம் வருஷத்தில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா என்னும் விஷ சுரத்தின்போது.

விஷ சுரத்துக்கு வருமுன் மலேரியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் தோட்டத்துச் சுகாதார ஏற்பாடுகள் பலவும் மலேரியாவை மனத்திற் கொண்டே பிறந்தவை.

1897-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றினுள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்கு மாவட்ட வைத்தியராக வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் துறைமுகக் கூலிகளும், உத்தியோகஸ்தர்களும், ரயில்வேக்காரர்களும் வரிசையாகச் சுரத்தில் விழுந்தனர். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் யோசனைகூட எழுந்தது. வாட்சன் சொன்ன பரிகாரம் எளியது: ஊரைச் சுற்றியுள்ள சதுப்புக் காட்டை வெட்டுங்கள், கால்வாய் எடுத்து நீரை வடியுங்கள். அவ்வாறே செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே கிள்ளானிலும் துறைமுகத்திலும் சுரச் சாவு வெகுவாகக் குறைந்தது. ராஸின் கண்டுபிடிப்பு ஓர் ஊரை முழுமையாகக் காத்ததற்கு உலகில் முதன்மையாக எடுத்துக் காட்டப்படும் உதாரணங்களுள் இதுவும் ஒன்று.

சமநிலத்தில் பலித்த இவ்வித்தை மலைத் தோட்டங்களில் பலிக்கவில்லை. பலிக்காததோடு, காட்டை வெட்ட வெட்டச் சுரம் பெருகிற்று. காரணம் பின்னர்தான் விளங்கிற்று. சதுப்பு நிலத்துக் கொசு நிழலில் முட்டையிடும் சாதி. காடு போனால் அதுவும் போய்விடும். மலையோரத்து ஓடைகளில் வளரும் மாக்குலேட்டஸ் என்னும் கொசுவோ வெயில் படும் தெளிந்த நீரையே விரும்புவது. ரப்பர் நடுவதற்காக ஓடைக்கரைப் புதரை வெட்டி வெயிலை உள்ளே விட்டதே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததாயிற்று. கண்ணுக்கு அழகான, கண்ணாடி போன்ற நீரோடை. அதன் மேட்டில் தொழிலாளர் லயம். அந்த லயத்தில் மாதம் தவறாமல் சாவு. மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடையை மறைப்பதும், வாரந்தோறும் நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும் இதற்கு மருந்தென வாட்சன் கண்டு, தோட்டம் தோட்டமாகச் சொல்லி நடத்தி வைத்தார். முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து கானோரமாகச் செல்லும் ‘எண்ணெய் அடிக்கிற ஆள்’ தோட்டத்துப் பழைய தலைமுறையினர் நினைவில் இன்னும் இருப்பார். கொசுப்புழு இறக்கை பெற்றுப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதைக் கணக்கிட்டே அவருக்கு வாரம் ஒருமுறை வேலை வகுக்கப்பட்டது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் முதலாளிமார் மனமிரங்கியா செய்தனர்? இரக்கமுள்ள துரைமாரும் சிலர் இருந்தனர், மறுப்பதற்கில்லை. ஆனால் 1911-ஆம் வருஷத்தில் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் சாவு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டி நின்றது. கிழவர்களும் நோயாளிகளும் நிறைந்த கூட்டமாயின் அதை ஒருவாறு விளங்கிக் கொள்ளலாம். இதுவோ நாகப்பட்டினத்தில் கப்பலேறுமுன் உடல் பார்த்து அனுப்பப்பட்ட வாலிபரும் யுவதிகளும் நிறைந்த கூட்டம். ஓர் ஆளைத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து பால்மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பணம் செலவாயிற்று. அவர் ஓராண்டுக்குள் மாண்டால் அப்பணம் அவரோடு புதைந்தது. 1910-இல் சஞ்சிமுறை ஒழிந்தபின் தொழிலாளி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டுப் போகலாம் என்றாயிற்று. சாவுத் தோட்டம் என்று பெயரெடுத்த இடத்துக்கு ஆள் சேர்க்கக் கங்காணியாலும் முடியாது. இந்தக் கணக்கு புரிந்த பின்னரே கானும் குழாயும் எண்ணெயும் தோட்டத்து வரவு செலவில் இடம் பெற்றன. 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும், 1912-இல் தொழிற் சட்டத் தொகுப்பும் வந்தன. ஆஸ்பத்திரி, குடிநீர், லயம், கழிப்பிடம் ஆகியவற்றில் அதிகாரிகள் தலையிட வழி பிறந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அக்காலத்தில் சீனச் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் தமிழரை அவ்வளவாக அணுகவில்லை. ஏன் என்று பலர் பலவிதமாக ஊகித்தனர். 1905-இல் கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வைத்தியர் பிளெட்ச்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சயாம் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், பலர் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களிடையே புதிதாக நோய் தோன்றவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் அதை உறுதிப்படுத்தி, தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே நோய் தடுக்கும் சத்து இருக்கிறதென்று காட்டினர். நெல்லை அவித்துக் குத்தும் நம் பாட்டிமார் பழக்கம் நம் கால்களைக் காத்தது. சட்டமும் துரையும் காக்காததை உணவு காத்த இடம் அது ஒன்றே.

நிற்க. இனி விஷ சுரத்துக்கு வருவோம்.

1918-ஆம் வருஷம் ஐரோப்பிய யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க இராணுவ முகாம்களில் காணப்பட்ட இன்புளுவென்சா, படைகளோடும் கப்பல்களோடும் கண்டம் விட்டுக் கண்டம் தாவிற்று. யுத்தத்தில் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகள் மட்டுமே அதைப்பற்றித் தடையின்றி எழுதியமையால் ‘ஸ்பானிய சுரம்’ என்று பெயர் வந்தது. ஸ்பெயினுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை. ஜூன் மாதத்தில் பம்பாயிலும், ஜூன், ஜூலையில் சிங்கப்பூரிலும் முதல் அலை வீசிற்று, அது லேசானது. அக்டோபரில் வந்த இரண்டாம் அலையே கொலையலை. உலகில் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர் என்றும், மாண்டோர் ஐந்து கோடி வரை இருக்கலாமென்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். இந்தியாவில் மட்டும் மாண்டோர் ஒரு கோடிக்கு மேல். தாய்நாட்டுக் கிராமத்திலிருந்து கடிதம் வராமற்போன தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனையோ!

சாதாரண இன்புளுவென்சா குழந்தைகளையும் முதியோரையுமே கொல்லும். 1918-ஆம் வருஷத்துச் சுரம் அவர்களோடு இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள திடகாத்திரமானவர்களையும் வீழ்த்திற்று. கர்ப்பிணிகளை மிகக் கொடுமையாகத் தாக்கிற்று. தோட்டத்து ஜனத்தொகை எப்படிப்பட்டது? ஏறக்குறைய முழுவதும் அந்த வயதினரே. சுரம் தேடிய இரை தோட்டத்து லயங்களில் ஒரே இடத்தில் திரண்டிருந்தது.

அந்நோயைத் தடுக்கத் தோட்டமுறையிடம் என்ன ஆயுதம் இருந்தது? முதலாவது, குவாரண்டைன். பினாங்கிலே ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூரிலே செயிண்ட் ஜான் தீவிலும் புதிதாக வந்தோரை இறக்கிக் காவலில் வைத்துப் பார்த்தே உள்ளே விட்டனர். நம் முன்னோரில் பலர் இந்நாட்டில் முதலில் மிதித்த மண் அதுவே. அம்மைக்கும் வாந்திபேதிக்கும் அக்காவல் ஒரு வேலி. அம்மை வெளிப்பட ஏறக்குறைய 12 நாள் ஆகும். வெளிப்பட்டால் முகத்திலேயே தெரியும். இன்புளுவென்சாவோ இரண்டே நாளில் வெளிப்படும்; வெளிப்படுமுன்னரே பிறருக்குத் தொத்தும்; லேசாகப் பிடித்தவர் இருமிக்கொண்டே சந்தைக்கும் ரயிலுக்கும் போவார். புது ஆட்களைத் தீவில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கையில், நோய் தந்திக்கம்பத்தின் வழியே வந்ததுபோல ரயில் பாதையோரமாகத் தோட்டங்களுக்குள் புகுந்துவிட்டது.

குவாரண்டைன் எங்குமே பயனற்றது என்று இதனால் கொள்ளலாகாது. பசிபிக் சமுத்திரத்தில் அடுத்தடுத்துள்ள இரு சமோவாக்களின் கதை இதற்குச் சான்று. நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்த மேற்குச் சமோவா 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பலை நோயாளிகளோடு கரைக்கு விட்டது; சில வாரங்களில் அத்தீவின் மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டனர். அமெரிக்கச் சமோவாவின் கவர்னர் பாயர் துறைமுகத்தை இறுக மூடினார். அங்கே அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. ஆனால் ரப்பரும் ஈயமும் ஏற்றி விற்றே வாழும் மலாயா தன் துறைமுகங்களை மூடுமா? அப்படி ஒரு யோசனைக்கே அங்கு இடமிருந்திராது.

இரண்டாவது ஆயுதம் ஆஸ்பத்திரி. பல தோட்டங்கள் சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரி. அதில் ஒரு டிரஸ்ஸர். எப்போதோ வந்து போகும் வைத்தியர். வைத்தியர் பலர் யுத்தத்துக்குப் போயிருந்த காலம். மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் உலகிலேயே இல்லை. கிருமி இன்னதென்று தெரியாது. ஒரு பாக்டீரியாவின்மேல் தவறாகப் பழி சுமத்தி வைத்திருந்தனர். உண்மையான வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல், லண்டனில். மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னாவையே இதற்கும் கொடுத்தனர். அது ஒன்றும் செய்யாது. கானுக்கு அடிக்கும் எண்ணெயும் இங்கே உதவாது.

அப்படியானால் ஒன்றுமே செய்திருக்க முடியாதா? இதுதான் நம் கேள்வி. பம்பாய் நகரத்துப் புள்ளிகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. அவ்வாண்டு அந்நகரில் அந்நோயால் மாண்டோர், ஐரோப்பியரில் 1000-க்கு 8.3 பேர், பார்சிகளில் 9, தாழ்த்தப்பட்டவரல்லாத இந்துக்களில் 18.9, தாழ்த்தப்பட்ட மக்களில் 61.6. ஒரே நகரம், ஒரே மாதங்கள், ஒரே கிருமி. கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள், நோயில் விழுந்தவனுக்கு யார் தண்ணீர் கொடுப்பது, எழ முடியாத நாளில் அடுப்பெரியுமா என்பவற்றையெல்லாம் சாதி முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டில் அந்தக் கடைசி வரிசையில் நின்றவர்களே என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் சேரியை விட்டு வந்தவர்களுக்கு இங்கே கிடைத்தது லயம்.

அச்சுரத்தில் மாண்டோரிற் பலரை நேரே கொன்றது இன்புளுவென்சா அன்று, அதன்பின் நுரையீரலில் புகுந்த நிமோனியாவே என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முதல் மூன்று நான்கு நாள் படுத்து ஓய்ந்து, வெந்நீரும் கஞ்சியும் குடித்து, காற்றோட்டமான இடத்தில் கிடந்தவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சுரத்தோடு எழுந்து நடந்து, நனைந்து, மீண்டும் விழுந்தவருக்குக் குறைவு. ஆகவே மருந்தில்லாத அந்த நோய்க்கும் ஒரு மருந்து இருந்தது. அதற்கு மூன்று சரக்குகள்: ஓய்வு, உணவு, இடம். தோட்டமுறை இம்மூன்றையும் எவ்வாறு வைத்திருந்தது என்று பார்ப்போம்.

ஓய்வை முதலில் எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பெரட்டு. பெரட்டில் நின்றால் பெயர் விழும். பெயர் விழுந்தால் கூலி. நோய்க்கு ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு, சோறு உண்டு, கூலி இல்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவரும், கடைக்காரருக்குப் பற்று எழுதியவரும் அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். கங்காணிக்கோ தம் கீழுள்ள ஆட்களில் அன்றாடம் வேலைக்கு வந்தவர் தொகைப்படி தலைக்காசு. பத்துப்பேர் லயத்தில் படுத்தால் அன்று பத்துத் தலைக்காசு போயிற்று. ஆகவே கதவைத் தட்டி, “எழுந்து வா, நடந்தால் சரியாகிவிடும்” என்று சொல்வதற்கு அவர் கொடியவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய வரும்படியே அவரைத் தட்டச் செய்யும். இதற்கும் மேலே ஒன்று: தகுந்த காரணமின்றி வேலைக்கு வராமை அன்று சட்டப்படி குற்றம். ஐக்கிய மலாய் நாடுகளில் அத்தண்டனை விதிகள் நீக்கப்பட்டது 1921-இல்தான். சுரம் தகுந்த காரணமே. ஆனால் அதை டிரஸ்ஸர் பார்த்துச் சொல்ல வேண்டும்; லயம் முழுவதும் சுரத்தில் கிடக்கும்போது எத்தனை பேரை ஒரு டிரஸ்ஸர் பார்ப்பார்?

ஆஸ்பத்திரியின் பேரிலும் நம்மவருக்கு நம்பிக்கையில்லை. அங்கே போனவர் திரும்புவதில்லை என்பது லயத்துப் பேச்சு. மேலதிகாரிகள் இதை அறியாமை என்றனர்; நம் சீர்திருத்தக்காரர்களிலும் சிலர் அவ்வாறே எழுதினர். வேப்பிலை கட்டியவரையும் மந்திரித்தவரையும் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், சாகும் நிலைக்கு வந்த பின்னரே ஆஸ்பத்திரிக்குப் போவது, கூலி போகும் என்ற பயத்தால்; சாகும் நிலையில் போனவர்கள் அங்கே செத்தனர்; அதைக் கண்டவர்கள் மேலும் தாமதித்தனர். மூடநம்பிக்கை என்று பெயரிடப்பட்டதில் பாதி, நாட்கூலியின் கணக்கு.

உணவைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. யுத்தத்தால் கப்பல் குறைந்தது. 1918-இல் இந்தியாவில் பருவமழை தவறிற்று. அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மலாயாவில் அரிசிப் பஞ்சம் முற்றி, சர்க்காரே அரிசி விநியோகத்தைக் கையில் எடுக்க நேர்ந்தது. நோயிலிருந்து எழுந்த உடம்பு தேறவேண்டிய காலத்தில் அரிசி விலை ஏறியிருந்தது.

இடத்தைப் பற்றி எழுதினால் நீளும். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளின் வரிசை. பத்தடி, பன்னிரண்டடிக்கு மேற்படாத அறை. கூரைவரை எழாத தடுப்பு. ஒருவர் இருமினால் ஐந்து அறைக்குக் கேட்கும். கேட்கும் காற்றே கிருமியையும் கொண்டுபோகும். அதே அறையில் அடுப்பு, அதே அறையில் குழந்தை, மழைநாளில் அதே அறையில் ஈரத்துணி. மலேரியாவைத் தடுக்க லயத்தை ஓடையிலிருந்து தள்ளிக் கட்டினால் போதும். இன்புளுவென்சாவைத் தடுக்க மனிதனை மனிதனிடமிருந்து தள்ளிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு லயத்தையே வேறுவிதமாகக் கட்டவேண்டும். துரை பங்களாவில் நோயாளிக்கு ஒரு தனியறை எப்போதும் உண்டு. லயத்தில் நோயாளிக்குத் தனியறை என்றால், ஐவர் வெளியே படுக்க வேண்டும்.

இவற்றின் பயனாக 1918-இல் தோட்டங்களின் சாவு விகிதம், மலேரியா அடங்கி இறங்கி வந்திருந்த நிலையினின்று திடீரெனக் குதித்தேறிற்று. அலை ஓய்ந்ததும் மறுபடி இறங்கிற்று. சில வாரங்களில் முடிந்துபோனதாலேயே அது சரித்திரத்தில் இடம் பெறவில்லை போலும். மலேரியாவுக்கு வாட்சன் இருந்தார்; 1911, 1921 ஆகிய வருஷங்களில் அவருடைய பெரிய நூல் இருமுறை வெளிவந்தது; அவருக்கு ‘சர்’ பட்டமும் வந்தது. விஷ சுரத்துக்குத் தோட்டங்களில் ஒரு வாட்சன் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் கேட்டிருக்க வேண்டியது குழாயும் எண்ணெயும் அன்று. நோய்க்கால முழுக்கூலியும் இரட்டிப்பு அறைகளும். அக்காலத்தில் அதைக் கேட்ட வைத்தியரைத் தோட்டக் கம்பெனிகள் எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்பது வாசகர்கள் ஊகத்துக்கு.

1926-இல் தோட்டங்களை வட்டாரங்களாகச் சேர்த்து, முதலாளிகளிடம் வரி வாங்கி, வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் பொதுவில் நடத்தும் சுகாதார வாரியச் சட்டம் ஒன்று ஐக்கிய மலாய் நாடுகளில் பிறந்தது. நல்ல சட்டம். தோட்டக்காரர்கள் அதை விரும்பவில்லை. பின்னர் ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர், வாரியமும் கைவிடப்பட்டது. ரப்பர் விலையோடு ஏறி இறங்கும் சுகாதாரம் எத்தகைய சுகாதாரம்?

யுத்தத்துக்குப்பின் சங்கங்கள் வலுத்தன. 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுபட்டுத் தேசியச் சங்கமாயின. 1957-இல் சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்னால் ஆசிய இன்புளுவென்சா வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. நிமோனியாவுக்குப் பென்சிலின் வந்துவிட்டது. இன்று மலேசியத் தொழிற் சட்டத்தின்படி, நோய்க்கு வருஷத்துக்கு 14 முதல் 22 நாள்வரை, ஆஸ்பத்திரியில் கிடந்தால் 60 நாள் வரை, கூலியோடு விடுப்பு உண்டு. செக்ரோலில் அந்த நாளுக்கு இப்போது தனிக்குறி உண்டு. அக்குறி அங்கே வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை நினைத்தே நாம் அதை எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் சாவைவிட மெதுவாகக் கொல்லும் தொழிலில் இந்தக் கதை இன்னும் மெதுவாக நடந்தது. களைக்கொல்லி மருந்தாகிய பாராகுவாட்டை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றதும், மூக்கில் இரத்தம் வடிந்ததும் செக்ரோலில் ஏறவில்லை. 2002-இல் அதைத் தடுப்பதாக மலேசிய சர்க்கார் அறிவித்தது; 2006-இல் தோட்டத்துறையின் வேண்டுகோளால் அத்தடை தளர்ந்தது; முடிவாகத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. பதினெட்டு ஆண்டு.

அதே 2020-இல் கோவிட் வந்தது. சிங்கப்பூரின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் வசித்தவர்களில் 100-க்கு 47 பேர், அதாவது 152,000-க்கு மேற்பட்டோர், அவ்வாண்டு முடிவுக்குள் அந்நோய்க்கு ஆளாயினர் என்று சர்க்காரே கணக்குக் கொடுத்தது. அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் பலர். சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்றது. மாண்டோர் மிகச் சிலரே. கோவிட் வாலிபரை விட்டுவைக்கும் நோயாக இருந்ததும், வைத்தியம் உடனே கிடைத்ததும் அதற்குக் காரணங்கள். 1918-ஆம் வருஷத்துக் கிருமியின் குணம் அதற்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ண மனம் அஞ்சுகிறது. நவம்பரில் கிள்ளானுக்கு அருகே ஒரு கையுறைத் தொழிற்சாலையின் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். வாட்சன் சதுப்பு வடித்த அதே கிள்ளான். உலகுக்கே நோய்த்தடுப்புக் கையுறை செய்து அனுப்பியவர்கள் அடுக்குக் கட்டில்களில் நெருங்கிப் படுத்திருந்தனர்.

முன்பு தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் உரியதாயிருந்த 1990-ஆம் வருஷத்துத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், 2020-இல் மற்றத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டது. அதன் விதிப்படி பொதுப் படுக்கைக் கூடத்தில் ஒரு தொழிலாளிக்கு 3 சதுர மீட்டர் இடம் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் 2021-க்குப்பின் கட்டப்படும் புது விடுதிகளுக்கு 4.2 சதுர மீட்டர். ஓர் அறைக்குப் பன்னிருவருக்கு மேற்படக்கூடாது. பழக்கத்தின் வசத்தால் நாம் இவற்றை அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தோம். 3 சதுர மீட்டர் ஏறக்குறைய 32 சதுர அடி, 4.2 சதுர மீட்டர் 45. பத்துக்குப் பன்னிரண்டடியான பழைய லயத்து அறையில் மூவர் இருந்தால் தலைக்கு 40 சதுர அடி. ஐவர் இருந்தால் 24.